அப்பா பாட்டில் நீ மாற்றிய வரி

அன்புள்ள மகன் அருள்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ரெண்டு மாடும் நலம், அங்கே நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். இந்த வருசம் மாமரம் பூவோடு கொட்டிவிட்டது, போர்க்குழாயில் தண்ணீர் அரை மணிதான் வருகிறது, இதெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், சொல்ல வந்தது வேறு, போனில் என்றால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா செத்ததைப் பற்றி உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலரில் நீ எழுதிய கவிதையைப் பக்கத்து வூட்டுக் கோகிலவாணி காட்டினாள், அவள்தான் காலேஜில் தமிழ் நடத்துகிறாளே. யாரோ ஒருவர் அதை ஆராய்ந்து ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறார். சந்தை, சொந்தம், பந்தல் என்று எதுகை பிசகாமல் நிற்கிறதாம், திரும்பத் திரும்ப வருவது உன் புது உத்தியாம். உத்தியா? காரிமங்கலம் சந்தையில் விழுந்த மனுசனைக் கொண்டுவந்து போட்டபோது நான் மாரடித்து அழுத ஒப்பாரிடா அது. நீ லீவு கிடைக்காமல் போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். சொன்னதையே சொன்னேன் என்றால் அடுத்த வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான். எடுத்துக்கொண்டதற்குக் கோபமில்லை, பெற்றவள் அழுகை பிள்ளைக்கு இல்லாமல் யாருக்கு.

‘சந்தைக்குப் போனவரே சாயங்காலம் ஆயிருச்சே, சொந்தமெல்லாம் வந்திருச்சே சோறு பொங்கி ஆறிருச்சே’ வரைக்கும் என்னுடையது அப்படியே இருக்கிறது. மூன்றாவது வரியை மூன்று தடவை திருப்பிப் படித்தேன். ‘பந்தலிலே நாதியில்ல, பெத்த மகன் வரலையே’ என்று ஏழு தடவை அழுதேன், ஊரே கேட்டது. அதை எடுத்துவிட்டு ‘பந்தலிலே நானிருந்தேன், பாடையை நான் தூக்கிவந்தேன்’ என்று போட்டிருக்கிறாய். கோகிலவாணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், சீர் குறையவில்லை, மோனை தப்பவில்லை, ஓசை எங்கேயும் தட்டவில்லை என்றாள். ச்சீ, பொய்யை இப்படியா அளவெடுத்துத் தைப்பாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தாயா? பாடை தூக்கியதும் கொள்ளி வைத்ததும் உன் சித்தப்பா மகன் தமிழ்மணி. அவனும் படித்தான். வுடுங்க பெரிம்மா, பாட்டுன்னா அப்படித்தான் எழுதுவாங்க என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அதைப் புத்தகமாகப் போடுகிறேன், உன் படம் ஒன்று அனுப்பும்மா என்கிறாய். அனுப்ப மாட்டேன். என் வரியை முதலில் அது இருந்த இடத்தில் வை, அதுவும் அதே அளவுதான், இடம் போதும்.

கோபத்தோடுதான் தீர்த்தமலைக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், நூறு வருசம் நல்லா இரு. எண்ணெய் தேய்த்துக் குளி, மருமகளையும் பார்த்துக்கொள். ஆடி பன்னிரண்டு அப்பாவுக்கு வருசத் திவசம். நீ வராவிட்டாலும் தமிழ்மணி செய்வான், வராமல் வந்தேன் என்று மட்டும் இனி எழுதாதே.

உன் அம்மா,
தீர்த்தம்மாள்