பெடல் இல்லாத சைக்கிள்

அப்பா,

என் அறைத்தோழி காலையில் ஒரு பை கொய்யாப்பழம் வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்தாள். நன்றாகக் கனிந்தவை. அந்த வாசம் அறை முழுக்கப் பரவியதும் என் இடது கால் வலிக்க ஆரம்பித்தது. பழத்தின் வாசத்துக்கும் காலின் எலும்புக்கும் சம்பந்தம் கிடையாது என்று நர்ஸ் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வலித்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். இறந்துபோன நீங்கள் இனிமேல் குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு வேலை கிடைக்கும்போல் இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் தேர்வில் தேற வேண்டும். முதல் தடவை போய்க் கோட்டை விட்டேன். கேள்வி புரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. மறுபடியும் தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சேலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே ஒரு நாள் மேடம் கேட்ட கேள்வி, சின்ன வயதில் உன்னிடம் சைக்கிள் இருந்ததா, யார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், கீழே விழுந்தாயா என்று. பரீட்சையில் இது அடிக்கடி வருமாம். நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உங்க ஊட்டுல சைக்கிளே இல்லியா?" என்றார் தமிழில்.

"இருந்துச்சுங்க மேடம்."

"அப்புறம் என்ன யோசனை? அப்பா சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடி வந்தாரு. நீ விழுந்தே. வாரி எடுத்து கண்ணைத் தொடச்சு விட்டாரு. அவ்வளவுதான். எல்லா அப்பாவும் அப்படித்தானே?"

வகுப்பு முழுக்க அதைத்தான் மனப்பாடம் செய்தது. ஆத்தூர்ப் பெண்ணுக்கும் நாமக்கல் பெண்ணுக்கும் ஒரே அப்பா. நானும் ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அந்த அப்பாவை முணுமுணுத்துக்கொண்டே லீவுக்கு நம் ஊர் வாழவந்திக்கு வந்தேன். நல்ல மனிதர்தான். நமக்குத்தான் பழக்கமில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. முன்னால் கூடை வைத்தது. பள்ளி மைதானத்தில் தோழிகள் பிடித்துக்கொள்ள ஒரு சுற்று சுற்றினேன், அதுவும் ஆடி ஆடி. அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தபோது இந்த மலையே எனக்குச் சொந்தமானது போல இருந்தது. கிளியூர் போகலாம், வெள்ளக்கடை போகலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் அதைச் சுற்றிவந்து பார்த்தீர்கள். கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தீர்கள். "நொம்ப கெட்டியாத்தான் இருக்குது" என்றீர்கள். விடிந்து நான் வெளியே வந்தபோது பெடல் இரண்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. நம் பக்கத்தில் பல வீடுகளில் சைக்கிளுக்கு நடப்பது அதுதான். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு மூட்டை ஏற்ற அதைவிடத் தோதான வண்டி இல்லை. பெடல் இருந்தால் இரண்டு பக்கமும் தொங்கும் மூட்டையில் உரசும், தள்ளுகிறவர் காலில் இடிக்கும். எல்லாம் நியாயமான காரணம்தான். உங்களிடம் எப்போதும் நியாயமான காரணம் இருந்தது.

"மலைக்காட்டுல சைக்கிள் ஓட்டிக்கிட்டு எங்க போவப் போற கண்ணு? முன்னாடி ஹேண்டிலைப் பிடி. நான் பின்னாடி தள்ளறேன்."

வேலை இருக்கும்போது மட்டும் நான் உங்களுக்குக் கண்ணு.

ஆக, அப்பா சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தார் என்று நான் சொன்னால் அது பொய்யில்லை. தினமும் பிடித்தீர்கள். சீட்டின் மேல்தான் நான் இல்லை, கொய்யா மூட்டை இருந்தது.

பிறகு ஒரு நாள், தார் ரோட்டில் அந்தக் கடைசி ஏற்றம். முந்தின நாள் மழையில் தரை வழுக்கியது. ரோட்டில் ஏறிவிட்டோம், மேட்டில் பாதிவரை வந்தாயிற்று. எதிரே எஸ்டேட் முதலாளியின் ஜீப் வளைவில் திரும்பியது. பழம் பறிக்கும் பருவம் போக மற்ற நாளில் நீங்கள் கூலிக்குப் போன எஸ்டேட். தலையில் கட்டிய துண்டை எடுக்க ஒரு கை வேண்டும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்க ஒரு கை வேண்டும். உங்களுக்கு இருந்ததே இரண்டு கை.

மொத்த பாரமும் என் மேல் வந்தது. சைக்கிள் பின்னால் இழுத்து, சரிந்து, என்னையும் சேர்த்துத் தள்ளி, என் இடது கால்மேல் விழுந்தது. மூட்டை பிரிந்து ரோடெல்லாம் கொய்யா. ஜீப் நின்றுவிட்டது. நீங்கள் என்னிடம் வரவில்லை. "ஏனுங்க, ஒரு நிமிசமுங்க, இதா எடுத்தர்றனுங்க" என்று ஜீப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பழம் பொறுக்கினீர்கள். நான் கீழே கிடந்தபடி அந்த முதலாளியைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்ததையும் அவர் பார்க்கவில்லை, வேட்டியை இறக்கியதையும் பார்க்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். நீங்கள் வழி ஒதுக்கினீர்கள். ஜீப் மிச்சப் பழத்தை நசுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் திரும்பினீர்கள்.

"கெட்டியாப் பிடிக்க வேண்டாமா சாமி? இப்படிப் பொசுக்குனு கையை உட்டுட்டியே!"

யார் விட்டது, அப்பா?

கால் முறிந்ததுகூடப் பெரிதில்லை. கட்டுப் போட்டார்கள், கூடிவிட்டது, கொஞ்சம் இழுத்து நடக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "புள்ள கையை உட்டுருச்சுங்க" என்று சொன்னீர்களே, அதுதான் கூடவில்லை. அம்மாகூட அதைத்தான் நம்பினாள். சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். "நான்தான் விட்டேன்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். ஊருக்கு வேண்டாம், என் காதில் சொன்னால் போதும். அதற்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தேன், வெட்கமில்லாமல்.

தேர்வன்று அதே கேள்வி வந்தது. எதிரே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், முகத்தில் ஒன்றும் தெரியாத ஆள். நல்ல அப்பா என் நாக்கு நுனியில் தயாராக நின்றார். வாயைத் திறந்தால் நீங்கள் வந்தீர்கள். பெடலைக் கழற்றியது, துண்டை எடுத்தது, பழம் பொறுக்கியது, எல்லாம். விட்டது என் அப்பா, பழி எனக்கு என்றேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. முதல் தடவை வராத ஆங்கிலம் கோபத்தில் கொட்டியது. இலக்கணம் எங்கெங்கே உதைத்ததோ, எனக்குக் கவலையில்லை. அத்தனை வருஷத்தில் அதை ஒரு மனிதரிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் நன்றி என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முன்பைவிட அதிகமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்களா என்று அடுத்ததைக் கேட்டார். அவர் வேலை அது. நானும் பதில் சொன்னேன்.

வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். "ஏம்மா இப்படிப் பண்ணுனே? பாடம் பண்ணுனதைச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே?" என்று திட்டினார். போன வாரம் முடிவு வந்தது. தேறிவிட்டேன். மேடம் இனிப்பு கொடுத்தார். எனக்கு உங்கள்மேல்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. நீங்கள் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அந்தக் கதைதானா என்று.

சைக்கிள் ஓட்ட இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ளத் தெரியும். சாய்தளத்தில் ஏற்றும்போதெல்லாம், கூட வருகிறவரிடம் "உட்ற மாட்டீங்கல்ல?" என்று கேட்காமல் நான் நகர்வதில்லை. வார்டில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

உங்களை மூச்சுத் திணறலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்குமா? லிஃப்ட் வேலை செய்யவில்லை. சாய்தளத்தில் முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் நான் தள்ளினேன். பாதி மேட்டில் பெரிய டாக்டர் எதிரே இறங்கி வந்தார். முன்னால் இழுத்தவர் சட்டென்று கையை எடுத்து வணக்கம் வைத்தார். மொத்த பாரமும் மறுபடி என் மேல் வந்தது. முறிந்த காலையே ஊன்றி நின்றேன். கையை விடவில்லை. டாக்டருக்கு ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை.

என்னைப் பார்ப்பீர்கள் என்று குனிந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் குளுக்கோஸ் ஊசி குத்திய கையையும் சேர்த்துத் தூக்கி, டாக்டரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.