பத்தாவது ஃபெயில்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். துணி துவைத்தாயிற்று. மருந்து பேக்கிங் கம்பெனி எங்கள் நெம்மேலிப் பக்கம் ஆள் ஏற்ற வேன் அனுப்புவதை நிறுத்தியதிலிருந்து இதே பிழைப்பு. காரணம் சொல்லவில்லை. மெஷின் வந்துவிட்டதாம், கூட வேலை பார்த்த ரம்யா சொன்னாள். மெஷினுக்கு வயிற்றுவலி வராது, கல்யாணம் ஆகாது, லீவு கேட்காது. நல்ல பெண்பிள்ளை.

எதிர்வீட்டு அக்கா: "இன்னா எஸ்தரு, இன்னும் வூட்லதான் கீறியா?"

இல்லை, அமெரிக்காவில் இருக்கிறேன். சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

படூர் காலேஜ் ஒன்றில் வேலைவாய்ப்பு முகாம். நானும் ரம்யாவும். அவள் தலை நிறைய மல்லி, யாரோ பெண் பார்க்க வருவதுபோல. வாசலில் பலூன். மேஜைக்கு மேஜை டை கட்டிய பையன்கள்.

"டிகிரி?"

"பத்தாவது."

"பாஸா?"

"ஃபெயில்."

பையன் முகத்தில் பரிதாபம். மீசையே சரியாக முளைக்கவில்லை, அதற்குள் பரிதாபம். "கால் பண்றோம் சிஸ்டர்." நம்பரே வாங்கவில்லை, எதில் பண்ணுவான்?

மேடையில் ஒரு அம்மா தன்னம்பிக்கை பற்றி. எல்லோரும் கண்ணை மூடி 'என்னால் முடியும்' சொல்லவேண்டுமாம். ரம்யா சொன்னாள், உருகி உருகி. நான் கண்ணைத் திறந்து அந்த அம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செருப்பு.

கிடைத்தது: தொப்பி, மிக்சர் பாக்கெட், தலைவலி.

ஜூன் 12, வியாழன்

அம்மா அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை செய்கிறாள். அந்த வீட்டு மேடம் எனக்கு 'நல்ல வேலை' வைத்திருக்கிறாளாம். ஆபீஸ் வேலை என்று அம்மாவே முடிவுகட்டி, என்னை இஸ்திரி போட்ட சுடிதாரில் கூட்டிப்போனாள்.

வேலை: மேடத்தின் மாமியாரைப் பார்த்துக்கொள்வது. குளிப்பாட்ட, தூக்க, துடைக்க. அங்கேயே தங்கவேண்டும். ஞாயிறு லீவு கிடையாது. போன் கூடாது. பேசும்போதே மேடம் என் நகங்களைப் பார்த்தாள், கறிகாய் வாங்குகிறவள் மாதிரி.

"வேலைக்காரின்னு நினைக்கவே மாட்டோம்மா. நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

"அப்போ கனடால கீற உங்க பொண்ணையே கூப்ட்டுக்கோங்க மேடம்."

அம்மா என் கையைக் கிள்ளினாள். பஸ்ஸில் தள்ளிப்போய் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

அம்மாவுக்கும் வேலை போயிற்று. நேரில் சொல்ல மேடத்துக்குத் துப்பில்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்: "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க மேரி." தேன் வடிகிற குரல்.

அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு என்னிடம், "உன் வாயில கொள்ளிய வெக்க." மதியம் அடுப்பு பற்றவைக்கவில்லை. அவளுடைய கஞ்சியில் மண்ணைப் போட்டது நான்தான். என்னை நினைத்தாலே அருவருப்பு. ஆனாலும் இன்னொரு தடவை அந்த வீட்டில் நிறுத்தினால் அதையேதான் சொல்லுவேன்.

சாயங்காலம் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சிரித்தாள். "கனடா பொண்ண கூப்டுன்னியே, அவ மூஞ்சி போன போக்க பாத்தியாடி?" நானும் சிரித்தேன். அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"நாளிக்கி இன்னா பண்றது, அத்த சொல்லு."

ஜூன் 16, திங்கள்

மாமல்லபுரம் ரோட்டில், ரிசார்ட்களின் போர்வை, துண்டெல்லாம் துவைக்கிற ஷெட். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். உள்ளே ஆவி, பிளீச்சிங் நெடி, கண் எரிச்சல். சூப்பர்வைசருக்குப் பெரிய தொப்பை, காதில் ப்ளூடூத். அம்மாவின் கைகளைப் பார்த்ததும் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டான். என் பக்கம் திரும்பினான்.

"இன்னா படிச்சிகீற?"

"பத்தாவது."

"வேணாம்மா. படிச்ச பொண்ணுங்க நிக்காது. லீவு எங்க, பாத்ரூம் எங்கன்னு கேள்வி கேட்டுகினே இருக்கும்."

படூரில் படிப்பு போதாது, இங்கே படிப்பு ஜாஸ்தி. எந்த ஊரில் நான் சரியான அளவு?

அதற்குள் அம்மா முன்னால் வந்து நின்று, ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி:

"ஐயோ அண்ணாத்த, பத்தாவது ஃபெயிலு! கணக்குல ஃபெயிலு, சயின்ஸ்ல ஃபெயிலு, இங்கிலீஷ்ல ஃபெயிலு! அதுக்கு ஒரு எழவும் தெரியாது!"

மடித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் யோசித்தான்.

"அப்ப சரி. நாளிக்கி வந்துடு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அத்தனை பெருமை முகத்தில்.

இங்கிலீஷில் நான் பாஸ்.