தடையைத் தாண்டிய கார்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பிரஷரும் அப்பாவின் கால்வீக்கமும் குறைந்திருக்குமென நம்புகிறேன். எனக்கு ஹட்டன் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

கொரோனாவுக்காக மலைக்கு ஏறும் வீதியை மறித்து, வருகிறவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கத் தாதிகளான எங்களை நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று, கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் தேயிலைத் தோட்டத்துச் சனம் பஸ்ஸில் வந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஆனாலும் எங்கள் அதிகாரி அவர்களை மழையில் நிறுத்தி, தேயிலைக்கு மருந்தடிப்பதுபோல் கிருமிநாசினி அடிப்பித்தார்.

"மிஸ், புள்ள கண்ணுல படாம அடிக்கச் சொல்லுங்க," என்று கைக்குழந்தையோடு நின்ற பூரணி என்ற பெண் கெஞ்சினாள்.

பின்னால் ஒரு கார். உள்ளே இருமிக்கொண்டிருந்த பெரியவருக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் மறித்தேன்.

"எங்கட ஆள், விடும் பிள்ளை," என்று அதிகாரி தானே தடையைத் தூக்கினார். அவரும் காரில் வந்தவரும் எங்களைப்போல யாழ்ப்பாணத்தார்தான், அம்மா.

இன்று அந்தப் பெரியவருக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. "பஸ்ஸில வந்த சனத்தாலதான் எண்டு எழுதும்," என்றார் அதிகாரி. நான் கார் வந்ததையும், அதை விட்டவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அதற்காக என்னை இடம் மாற்றுவார்களாம், பயப்படாதேயுங்கோ.

மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். தொற்றுக்குப் பயந்து விடுதியில் யாரும் என்னோடு இருந்து சாப்பிடுவதில்லை. தடைக்கு எங்களை ஏற்றிப்போகும் வாகனம் வந்துவிட்டது.

மகள்,
கௌசி