ஏழாம் பக்கத் திருத்தம்

திருவண்ணாமலை
20.8.2001

கண்ணு,

நேற்றைய இதழில் ஏழாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்திருக்கிறது. கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று வருடம் தாமதம்.

பொக்ரான் சோதனைக்கு மறுநாள், 'அணுகுண்டு ஆய்வில் நம் ஊர்ப் பெண்' என்று தலைப்பிட்டுச் செய்தி எழுதிய நிருபர் நான்தான். தலைப்பை ஆபீசில் வைத்தார்கள் என்று உன்னிடம் சொன்னது பொய். நீ சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "குண்டு இல்லப்பா. சூடேறின அணுக்கரு எப்படித் துண்டு துண்டா உடையும்னு கணக்குப் போடறேன். ஒரே ஒரு கருவைக் காட்டிக் கேட்டா சொல்ல முடியாது. லட்சம் உடைஞ்சா, எந்தத் துண்டு ஜாஸ்தி, எது கம்மினு சொல்லலாம்."

அந்தச் செய்தி எட்டியதால்தான் வெளிநாட்டு ஆய்வகம் உனக்கு அனுப்பிய அழைப்பை ரத்து செய்தது. இங்கே தேரடித் தெருவில் எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். அந்த மரியாதையை இழக்க மனமில்லாமல் திருத்தம் கொடுக்கவில்லை.

கரு, தான் எப்படிச் சூடேறியது என்பதை மறந்துவிட்டுத்தான் உடையும் என்றும் சொல்லியிருக்கிறாய். நீ மறக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

போன செவ்வாய் காலை அம்மா, "அவ வராளா?" என்று கேட்டாள். என் குரல் கேட்டால் போனை வைத்துவிடுவாய் என்று பயந்து, அவள் படுக்கையில் விழுந்ததையே உனக்குச் சொல்லியிருக்கவில்லை. "பஸ்ல வந்துனு இருக்கா. கீழ்பென்னாத்தூர் தாண்டிட்டா" என்றேன். பத்து மணிக்கு, வாசலைப் பார்த்தபடியே அவள் மூச்சு நின்றது.

ஊர்ப் பெயரோடு சொன்னால் எந்தச் செய்தியையும் நம்புவார்கள். அவளும் நம்பினாள்.

உன் அப்பா