பன்னிரண்டாவது கட்டம்

பிப்ரவரி 4

தொடங்கும் முன் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. பக்கவாதம் வந்ததிலிருந்து மனைவிக்குப் பேச்சு வரவில்லை. நாம் சொல்வது புரிகிறது. ‘ம்’ மட்டும் வருகிறது. ஆகவே, படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லைப் பேசும் ஒரு செயலி.
2. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மகள் கணினியில் போட்டுத் தந்திருக்கும் ஏஐ ஏஜென்ட் எழுதும். நான் தமிழில் சொன்னால் போதுமாம்.
3. பதினொரு சொற்கள். படுத்திருப்பவளுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.
4. எந்த மாற்றத்தையும் நானே தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளிடம் கொடுப்பது.

எழுபத்துநான்கு வயதில் இது தேவையா?

பிப்ரவரி 6

ஏஜென்ட் ஆறு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டது. நான் என்ன கேட்பது என்று யோசிக்க இரண்டு நாள் ஆகியிருந்தது. தண்ணீர், பசி, வலி, மருந்து, கழிவறை, குளிர், வெக்கை, தூக்கம், மகள், ஆம், போதும். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை. கடைசிக் கட்டம் காலி. அதில் என்ன போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஏஜென்ட்டுக்கு எழுதியதைப் படித்துக் காட்டினேன். மகள் தொலைபேசியில் சிரித்தாள். “அதுக்குப் போய் தயவுசெய்துன்னு எழுதுறீங்களே, அப்பா. அம்மாகிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?”

சொன்னதாக நினைவில்லை.

பிப்ரவரி 9

டேப்லெட்டின் சார்ஜர் ஒயர் எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் உதவியோடு கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினேன். இப்போது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

முதலில் ‘தண்ணீர்’ தொட்டாள். செய்தி வாசிப்பவர் குரலில் “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்றது. கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

பிப்ரவரி 16

எந்தக் கட்டம் எத்தனை முறை தொடப்படுகிறது என்று பதிவுசெய்யச் சொல்லியிருந்தேன். ஒரு வாரக் கணக்கு: தண்ணீர் 19, கழிவறை 22, வலி 3. காலிக் கட்டம் 41.

அதைத் தொட்டால் ஒன்றும் பேசாது. பிறகு ஏன்? இடது கையால் தொடுவதால் விரல் வழுக்குகிறது போலும். ஏஜென்ட்டிடம் விவரத்தைச் சொன்னேன். கட்டங்களைப் பெரிதாக்கலாம், காலிக் கட்டத்தை நீக்கலாம், அல்லது அவரிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று மூன்று வழி எழுதியது. பேச முடியாதவளிடம் எப்படிக் கேட்பது? முதல் இரண்டையும் செய்யச் சொன்னேன்.

பிப்ரவரி 17

‘காலிக் கட்டம் நீக்கப்பட்டது. எல்லாச் சோதனைகளும் தேறின’ என்று எழுதியது ஏஜென்ட்.

நானும் பதினொன்றையும் தொட்டுப் பார்த்தேன். பிழையில்லை.

பிப்ரவரி 18

டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20

இன்றும் கவிழ்ந்தே கிடக்கிறது. நான் நிமிர்த்தினால் அவள் கவிழ்க்கிறாள். தண்ணீர் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தால் பாதி குடிக்கிறாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். நான் என்ன பண்ணிட்டேன்? எதைக் கெடுத்தேன்?

பிப்ரவரி 22, ஞாயிறு

மகள் வந்தாள். பதிவுகளைக் காட்டினேன். படித்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

“அம்மா, நீ சொல்ல நினைக்கிறது இதுல இல்லையா?”

என்னைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தலையசைத்தாள், இல்லை என்று.

“பாவம்ப்பா நீங்க. இதுல இல்லைன்னு அம்மா நாப்பத்தோரு தடவை சொல்லியிருக்காங்க.”

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தேன். ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும், மாதிரி எதுவும் சேர்க்காத ஒரு வெற்றுக் குப்பியையும் சோதிப்போம். அதில் ஏதாவது காட்டினால், மாதிரியைச் சந்தேகிக்க மாட்டோம். நம் முறையைத்தான் சந்தேகிப்போம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23

கட்டம் திரும்ப வந்துவிட்டது. தொட்டால் “இதில் இல்லை” என்கிறது. காலையில் நிமிர்த்தி வைத்தேன். உடனே அதைத்தான் தொட்டாள்.

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாப்பாடா? டாக்டரா? மகளா? என் மேல் கோபமா? இதற்கு மட்டும், கொஞ்சம் என்பதுபோல் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இந்த அறையிலா? ‘ஆம்.’ போர்வையா? விளக்கா? கட்டிலா? ‘ஆம்.’ குத்துகிறதா? இல்லை. உயரமா? இல்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று.

“ஜன்னலா?”

‘ஆம்’ கட்டத்தை அழுத்தினாள். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பதினான்கு நாளாக அவளைச் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறேன் — ஒரு ஒயருக்காக.

பிப்ரவரி 24

கட்டில் பழைய இடத்துக்குப் போயிற்று. “மறுபடியுமா, சார்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒயர் எட்டாது, சமையலறையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் அடிக்குதா, திரை போடவா, தலையணை சரியா என்று கேட்டேன்.

‘போதும்’ தொட்டாள். அந்தச் செய்தி வாசிப்பவர் குரலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

பதினொரு சொல் போதும் என்று நான்காம் தேதி எழுதினேனே, அந்த மூன்றாவது தவறு.