கடை அவங்களுது, காலு நம்மளுது

அக்கா,

இன்று சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கள்ளுக்கடைப் பக்கமிருந்து காற்று அடித்தது. அந்தப் புளித்த வாடை பட்டதும் எனக்கு நாக்கு ஊறிவிட்டது. குடியை விட்டு இத்தனை வருஷமாகியும் ஊறுகிறது. எனக்கு வெட்கமாக இல்லை, கோபம்தான் வந்தது. ஊறினால் ஊறட்டும் என்று நடந்தேன். வழியெல்லாம் உன் நினைப்பு.

நீ போன பிறகுதான் எழுத்துக் கற்றேன், இங்கே சர்ச் மண்டபத்துப் பெண்கள் வகுப்பில். கோணல் எழுத்து. நீ இருந்திருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூடப் பிறக்காத நாம் இருவரும் அடுத்தடுத்த வரிசையில் பால் வெட்டினோம். வாளி சுமந்த தோள் தெறிக்க, சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் பின்புறம் போய் நிற்போம். பெண்கள் முன்பக்கம் போனால் கௌரவக் குறைச்சலாம். பின்பக்கம் குடித்தால் யாருக்கும் குறைச்சல் இல்லை. கடையும் தோட்டத்துடையதுதான். வேலை வாங்கியவர்களே குவளையிலும் ஊற்றிக்கொடுத்தார்கள்.

ஒருநாள் நீ தள்ளாடிக்கொண்டு வந்து உன் மகளைக் கூப்பிட்டாய். அவள் உன் பக்கம் வராமல் ஓடிவந்து என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீ திட்டவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய். "எம்புள்ளைக்கு என் வாடை பிடிக்கல பாரு" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் முதல் நீ கடைக்குப் போகவில்லை. உடம்பு உன்னைச் சும்மா விட்டதா? வியர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை, கத்தி பிடித்த கை ஆடியது. ஒரு மரத்தில் வெட்டு ஆழமாக விழுந்துவிட்டது. கங்காணி பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கள்ளு இல்லாம ஒன் கை நிக்காது. போய் ஒரு குவளை போட்டுட்டு வா. எதுக்கு இந்த வேஷம்?"

"நடுங்கட்டும் கங்காணி. நடுங்கறது என் கைதானே, உங்க கை இல்லையே" என்றாய்.

அப்படி யாரும் அவனிடம் பேசி நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் நானும் உன்னோடு நடந்தேன். வீட்டுக்குப் போக அந்தக் கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கடைக்காரன் குரல் கொடுத்தான்: "என்னாக்கா, கோவமா? இன்னிக்கு நல்ல சரக்குலா!" எனக்குக் கால் பின்னியது. நீ என் முழங்கையைப் பிடித்து, அவனுக்கும் கேட்கும்படி சொன்னாய்: "கடை அவங்களுது, காலு நம்மளுது. நட."

பிறகு அதையே தினமும் சொல்லிக்கொண்டு போனோம். களையெடுக்கும் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள். நாம் இன்னும் உரக்கச் சொன்னோம்.

மாரியம்மன் திருவிழாவில் நீ குடித்துவிட்டாய். விடிந்ததும் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிட எல்லாரும் நின்றிருக்கும்போது, கங்காணி வேண்டுமென்றே கேட்டான்: "என்னம்மா, காலு யாருது இப்ப?" எல்லாரும் சிரித்தார்கள். நான் தலைகுனிந்துகொண்டேன். நீ குனியவில்லை.

"விழுந்தேன். ஆமா, விழுந்தேன். விழுந்த எடத்துலயே வீடு கட்டிக் குடியிருப்பேன்னு நெனச்சீங்களா?"

அதற்குப் பிறகு கடைசிவரை நீ தொடவில்லை.

காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனபோது, "கள்ளு குடிச்சிருந்தா ஒடம்பு தாங்கியிருக்கும்" என்று லயத்து வீடுகளில் வாய் கூசாமல் பேசினார்கள். உன் அண்ணன் மேளக்காரர்களுக்கென்று ஒரு பீப்பாய் கள்ளைச் சுமந்துகொண்டு வந்தார். நான் வாசலை மறித்து நின்றேன். களையெடுக்கும் பெண்களும் வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

"ஊத்தாம எப்படிம்மா பொணத்தை எடுக்கறது? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல!" என்று அவர் கத்தினார்.

உன் மகள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். அழுது வீங்கிய முகம், ஆனால் குரல் உடையவில்லை. "எங்கம்மா குடிக்காம செத்தாங்க, மாமா. குடிக்காதவங்களாவே போவாங்க. தூக்கிட்டுப் போங்க அத."

பீப்பாய் திரும்பிப் போனது. மேளக்காரர்கள் கோப்பி குடித்துவிட்டு அடித்தார்கள். அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னோ பின்னோ அப்படி ஒரு அடி நான் கேட்டதில்லை, அக்கா.

ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கழித்தபோது நாங்கள் இங்கே வந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு ரோசம்மாளும் குடிப்பவள். குடித்துவிட்டு அழுவாள், அழுதுவிட்டுக் குடிப்பாள். போன வாரம் தானே என்னைத் தேடி வந்தாள். நீ சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன், கங்காணியின் சிரிப்பையும் சேர்த்து.

கேட்டுவிட்டு, "இதெல்லாம் சொன்னா நின்னுருமாக்கா?" என்றாள்.

"சொன்னா நிக்காது. சொல்லிக்கிட்டே நடக்கணும். வா, கள்ளுக்கடையத் தாண்டி நானும் கூட வரேன்."

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.