கோட்டைக்குள் ஒரு முருங்கை

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

“சார், சண்டைக்குன்னு கட்டின கோட்டைக்குள்ள பூச்செடிக்கு என்ன சார் வேலை?” வளைகுடாவில், ரோலாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, வரைபடத்தை மடியில் விரித்துக் கேட்டாய். உங்கள் ஓனர் பிரான்சில் பார்த்த பழைய கோட்டையைப் போலவே பாலைவனத்தில் மாளிகை கட்டினார்; தோட்டத்துக்கு நீதான் ஃபோர்மேன். காலமெல்லாம் வரலாறு நடத்திய நான், “அழகுக்குத்தான்ப்பா” என்று சொல்லி டீயை நீட்டினேன்.

நீ நம்பவில்லை. மதிலோரம் புதினா, கொத்தமல்லி, வெங்காயம் போட்டாய். லீவில் ஊரிலிருந்து கொண்டுவந்த முருங்கைப் போத்தையும் ஊன்றினாய்.

நீ இறந்த பிறகுதான் அந்தக் கோட்டையைப் பற்றிப் படித்தேன். புயல் வருகிறதென்றால் நாம் முதலில் அரிசி வாங்கி வைப்பதில்லையா? அப்படித்தான் அந்தக் கோட்டையில் இருந்தவர்களும். எதிரி மாதக்கணக்கில் வளைத்து நின்றால் உள்ளே சாப்பிட வேண்டுமே. முதலில் கிணறு, கீரை, மருந்துச் செடி. பீரங்கி வந்து மதிலுக்கு மதிப்புப் போன பிறகுதான் பூப்பாத்திகள் வந்தன. நீ சரி, நான் தப்பு.

போன வாரம் உன் மச்சான் குமார் போன் செய்தான். “சார், ஓனர் நாலு மணிக்கு வர்றாராம். பிரான்ஸ் கோட்டையில இதெல்லாம் இல்லன்னு மச்சான் போட்ட பாத்திய அழிக்கச் சொல்லிட்டாங்க. யல்லா யல்லான்னு அவசரப்படுத்துறாங்க சார்!”

படித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்து ஓடினேன். பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் நம் கோயம்புத்தூர்ப் பையன். நான் காட்டிய பக்கங்களை நின்றபடியே படித்தார். மணி மூன்றரை.

“சரி சார், புதினா, மல்லி, வெங்காயம் இருக்கட்டும். ஆனா உண்மையச் சொல்லுங்க, முருங்கை அந்தப் பிரான்ஸ் கோட்டையில உண்டா?”

“உண்டுன்னு சொல்லிருங்க சார்,” குமார் என் காதோரம் கெஞ்சினான். “மச்சான் கைபட்ட மரம் சார்.”

உன்னிடம் ஒருமுறை யோசிக்காமல் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. “இல்லை,” என்றேன்.

மரம் சாய்ந்தது. குமார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கொம்பை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி என் கையில் திணித்தான். நான் செய்தது சரியா, செல்வம்?

கொம்பு என் பால்கனி வாளியில் நிற்கிறது. இன்னும் துளிர்க்கவில்லை. துளிர்த்தால் முதல் கீரை குமாருக்குத்தான். இனி யார் கேட்டாலும் படித்துவிட்டே பதில் சொல்வேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை ஒரு கோட்டையின் படத்தைப் பார்த்தால், பூக்களைக் கையால் மறைத்துவிட்டுக் கிணற்றைத் தேடிப் பாருங்கள்.

கூடப் பிறக்காத உன் அண்ணன்,
வரலாற்று வாத்தியார்